ஒடியாத கப்ளர்

6

மாலை ஆறு மணிக்குள் வேறு ஓர் ஆளைக் காட்டு, இல்லையென்றால் உன் மச்சானை உள்ளே தள்ளுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜெபஸ்டின் யாசரிடம் சொன்னபோது மணி பதினொன்று.

இருப்பது ஏழு மணி நேரம். யாசர் வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவன். துப்பறிவாளர் ஜெனியிடம் நான்கு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். சம்பளம் வராத மாதத்தில்கூட நக்கலுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் மெக்கானிக் காஜா அவன் அக்கா ஹஸீபாவின் கணவன். கடைக் கதவில் எவனோ தாரால் 'கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அதைத் துடைக்கப் போன ஹஸீபாவை நேற்றுவரை சிரித்துப் பேசிய கடைக்காரர்களே முறைத்திருக்கிறார்கள். யாசருக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சுடலைக்கண்ணு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடப் பழைய கார் ஒன்றைப் பிடிவாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சூடேறினால் அந்த என்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காஜா லாட்ஜுக்கே போய் மூன்று சென்சார்களைப் புதிதாக மாற்றினான். ஒயரைச் சென்சாரோடு கோர்க்கிற பிளாஸ்டிக் மூக்குக்கு அவர்கள் தொழிலில் கப்ளர் என்று பெயர். வருடக் கணக்கில் என்ஜின் சூட்டில் கிடந்து அவை பொரபொரத்துப் போயிருந்தன. இரண்டு கப்ளரை மாற்றினான். மூன்றாவது, கிராங்க் சென்சாருக்கு உரியது, மதுரை வரை தேடியும் கிடைக்கவில்லை. பழையதையே பத்திரமாகக் கழற்றித் திரும்ப மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை சுடலைக்கண்ணு கேரளாப் பக்கம் கிளம்பினார். புளியறை தாண்டி மலை வளைவில் என்ஜின் அணைந்தது. என்ஜின் அணைந்தால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும். கார் தடுப்புச் சுவரில் போய் மோதியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

ஸ்டேஷன் பின்புறம் முகம் நசுங்கிக் கிடந்த காரைக் காட்டினார் ஜெபஸ்டின். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதில்லை, பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்தது. கிராங்க் சென்சாரின் கப்ளர் பாதி வெளியே வந்து தொங்கியது.

"இருவது வருசத்துப் பிளாஸ்டிக்கு. தொட்டா அப்பளம்" என்றார் ஜெபஸ்டின். "வேற எவன் கழட்டியிருந்தாலும் இந்த லாக் ஒடிஞ்சிருக்கும். ஒடியல பாருங்க. அப்ப கடைசியாத் தொட்டவன் காஜாதான். ஒழுங்கா அமுக்கி மாட்டாமப் போயிட்டான்."

கெட்டிக்காரத்தனமாகத்தான் யோசித்திருந்தார் மனிதர். யாசருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். வேலை தெரியாத மெக்கானிக்காக இருந்திருந்தால் லாக்கை ஒடித்திருப்பான், தப்பித்திருப்பான். காஜா கைவேலையில் சுத்தக்காரன் என்பதே அவன் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது.

ஜெனி காரின் பக்கம் குனிந்தாள். நாற்பத்திரண்டு வயதில் பத்து வருடத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளுக்குள் தலையை விட்டே கழித்தவள். டார்ச் அடித்துக் கப்ளரின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பழுப்பேறிய அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கின் இடுக்குக்குள், தண்ணீர் வற்றிப்போன இடத்தில் வருவதுபோல ஒரு வளையம். வெளிர் சிவப்பு.

"ரத்தமா மேடம்?"

"ரத்தம் காஞ்சா கறுத்துரும்" என்று சொல்லிக்கொண்டே செல்போனில் படம் எடுத்தாள். பிறகு காருக்குள் இருந்து எடுத்த சாமான்களைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு குடை, ஒரு துண்டு, சீட்டுக்கு அடியிலிருந்து புதிதாகச் சாணை பிடித்த அரிவாள் ஒன்று.

மலைக்குப் போகிறவர் வழியில் இளநீர் வெட்டிக் குடிக்க நினைத்திருப்பார் என்று யாசர் சொன்னான். பழக்கதோஷத்தில் வந்த நக்கல். ஜெனி அவனைத் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

காஜா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சவூதியில் பதினோரு வருடம் கார்களுக்கு அடியில் படுத்துச் சம்பாதித்து வந்து சொந்தக் கடை போட்டவன். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊரே காறித் துப்பும்போது உறவுக்காரன் வந்து பாவம் பார்ப்பது இன்னும் எரிச்சல் போலிருக்கிறது.

யாசர் அவன் பக்கத்தில் குனிந்தான். கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தேதான் கேட்டான்.

"மச்சான், மாட்டுனப்ப லாக் விழுந்து டிக்குன்னு சத்தம் கேட்டுச்சுல்லா?"

காஜா தலையைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தான். "நீயும் கேக்கியா லே?"

அதற்கு மேல் யாசர் பக்கம் அவன் திரும்பவே இல்லை. ஜெனி கேட்டதற்கு மட்டும் வெட்டு வெட்டாகப் பதில் வந்தது. காய்ந்த கப்ளரை அவன் வெறுங்கையால் தொட மாட்டான். கொதிக்கும் தண்ணீரை இரண்டு நிமிடம் மெல்ல ஊற்றுவான், பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், அப்போது லாக்கை அமுக்கினால் ஒடியாமல் வரும். சவூதியில் ஒரு பாகிஸ்தானியிடம் கற்றுக்கொண்டது. தென்காசியில் வேறு எவனுக்கும் தெரியாது.

எந்தத் தண்ணீர் என்று ஜெனி கேட்டாள்.

"டீக்கடை பாய்லர் தண்ணி. எங்கிட்ட ஃபிளாஸ்க் இருக்கு. தண்ணிக்குக்கூடவா ஜாதகம் பாக்கீய?"

"லாட்ஜ்ல கேக்கலாமே."

"கேட்டா குடுத்துருவாகளாக்கும். அவரு பொஞ்சாதி வடிவம்மா நாற்காலியத் தூக்கிப் போட்டு என் முன்னாலயே உக்காந்திருந்தா. கடைசி ஸ்குரூ மாட்டுற வரைக்கும் கண்ணு எடுக்கல. எதையாவது களவாண்டுட்டுப் போயிருவேன்னு காவலு."

வெளியே வந்ததும் ஜெனி மழைக்கோட்டை மாட்டினாள். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைத் தண்ணீர் வற்றினால் வெள்ளையாகப் படியும், சிவப்பாகப் படியாது. காஜாவுக்குப் பிறகு வேறு யாரோ வேறு தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். இதை அவள் சொன்னதும் யாசருக்கு மூச்சு வந்தது. அந்த நிறத்தை அவன் ஆயிரம் தடவை குடித்திருக்கிறான். மலைக்கு அந்தப் பக்கமும் எல்லையோரக் கடைகளிலும் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சி வைப்பார்களே, அந்த ரோஸ் கலர் வெந்நீர்.

சுடலைக்கண்ணு கடைசியாக வண்டியை நிறுத்தியது புளியறையில். நிறுத்தியது அவருடைய அண்ணன் மகன் முத்துச்செல்வத்தின் ஹோட்டல் வாசலில். திருவேங்கடத்துக் கரிசல் நிலத்துக்காக சித்தப்பனும் மகனும் ஆறு வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறார்கள். யாசர் பைக்கை உதைத்த உதையில் சேறு தெறித்து ஜெனியின் கோட்டில் விழுந்தது.

செக்போஸ்டுக்கு இப்பால் லாரிகள் வரிசையாக நின்றன. ஹோட்டலில் மேஜைக்கு ஒரு ஜக், ஜக்குக்குள் ரோஸ் தண்ணீர். யாசர் ஜெனியைப் பார்த்துக் கண்ணடித்தான். கல்லாவில் இருந்த முத்துச்செல்வம் முப்பத்தைந்து வயது ஆள். இவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று கேட்டதும் இட்லித் தட்டைக்கூட வைக்க விடவில்லை.

"மெக்கானிக்குக்கு வக்காலத்தா? எந்திரிங்க."

யாசர் எந்திரிக்கவில்லை. ஜக்கைத் தூக்கி, சாப்பிட வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பீர்களா, இல்லை கார் என்ஜினுக்கு மட்டும்தான் ஊற்றுவீர்களா என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் முத்துச்செல்வம் அந்த ஜக்கைப் பிடுங்கி அவன் நெஞ்சிலேயே ஊற்றிவிட்டான். நல்லவேளை, ஆறிய தண்ணீர். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்கள்.

ஜெனி நடுவில் வந்தாள். சத்தம் போடவில்லை. அன்றைக்குச் சித்தப்பா இங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் என்ன இருந்ததோ, முத்துச்செல்வம் பதில் சொன்னான். வெறுப்போடுதான் சொன்னான்.

"உள்ளயே வரல. ஹாரன் அடிச்சாரு, பையன் தண்ணி கொண்டுபோயி குடுத்தான், உக்காந்த இடத்துலயே குடிச்சாரு. வண்டிய ஆஃப் பண்ணவே இல்ல. அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆவுமோ ஆவாதோன்னு அவருக்குப் பயம். மகளக் கூட்டியாரப் போறேன்னாரு. கூட்டியாரப் போறவரு மூஞ்சியா அது."

எழுந்து நின்ற லாரிக்காரர்களில் இரண்டு பேர் அன்று காலையும் அங்கே இருந்தவர்கள். ஆமாம், என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது என்றார்கள். ஓடுகிற என்ஜினில் அந்தக் கப்ளரை யாராலும் கழற்ற முடியாது. கழற்றிய நொடியில் என்ஜின் நின்றுவிடும், வண்டி புளியறையைத் தாண்டியே இருக்காது. யாசருக்குக் காலையிலிருந்து ஒரே நம்பிக்கை அதுதான். அது போயிற்று.

ஜெனி மட்டும் அங்கேயே நின்று சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டாள். இந்தப் பட்டை எங்கே வாங்குகிறீர்கள்?

"எங்க சித்தி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுக்காரி. அவ ஊர்ல இருந்து மூட்டையா வரும், பாதி எனக்கு அனுப்புவா. சித்தப்பன்கூடதான் பேச்சு இல்ல. சித்திகூட ஏன் இல்லாம இருக்கணும்?" என்றவன், இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் கால் இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னான்.

பைக்கில் ஏறுவதற்கு முன் ஜெனி யாசரை நிறுத்தி வைத்து, செல்போன் படத்தை அவன் வெள்ளைச் சட்டையின் மேல் வைத்துப் பார்த்தாள். ஓரம் காயத் தொடங்கியிருந்தது. ஒரே நிறம்.

"உன் சட்டை போனாலும் போச்சு, நல்ல சாட்சி" என்றாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா பழைய சட்டையப் போட்டுட்டு வந்திருப்பேன்" என்றான் யாசர். அன்று அவன் வாயிலிருந்து உருப்படியாக வந்த நக்கல் அது ஒன்றுதான்.

குற்றாலத்தில் சீசன் கூட்டம். எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்களும் நனைந்து நடுங்கித் திரும்புகிறவர்களும் பாதையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் வாசலுக்கு வந்து சேரும்போது நாலேமுக்கால். ரிசப்ஷனில் இருந்தவன் காஜாவின் பெயரைக் கேட்டதும் கதவைக் காட்டினான். ஜெனி அவனைத் தாண்டிப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள். ஒருவர் வீட்டுக்குள் இப்படி அழைக்காமல் நுழைவது யாசருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் பார்க்கிற நேரமா இது என்று தன்னையே அதட்டிக்கொண்டு பின்னால் போனான்.

வடிவம்மாள் கூடத்தில் நின்றிருந்தாள். ஐம்பது வயது, கலையாத தலை, தூங்காத கண். ஆஸ்பத்திரியிலிருந்து மதியம்தான் துணி எடுக்க வந்திருக்கிறாள். யாசரை அடையாளம் தெரிந்துகொண்டதும் அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதினால் அச்சுக்கோர்ப்பவர் கோபித்துக்கொள்வார். அவன் குடும்பம், கடை, அவன் மச்சானின் கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கை அழுகிப்போக வேண்டும் என்றாள். யாசர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஜெனி இருமினாள். மழையில் வந்ததில் தொண்டை கட்டிவிட்டது, குடிக்க ஒரு வாய் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டாள்.

வசவுக்கு நடுவில் இப்படி ஒன்றைக் கேட்டதில் வடிவம்மாள் ஒரு கணம் திகைத்தாள். வீட்டுக்கு வந்தவள் தண்ணீர் கேட்கிறாள். எதிரியானாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் ஃபிளாஸ்க்கோடு வந்து டம்ளரில் ஊற்றினாள். ரோஸ் நிறத்தில் ஆவி பறந்தது.

"வெறும் வெந்நீர் இல்லையாம்மா?"

"எங்க வீட்டுல வெறுந்தண்ணி கொதிக்காது" என்றாள் வடிவம்மாள் வெடுக்கென்று. "நான் வாக்கப்பட்டு வந்து இருவத்தெட்டு வருசம் ஆச்சு. அன்னையில இருந்து அடுப்புல இந்தத் தண்ணிதான்."

யாசருக்குத் தன் சட்டையைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சில் ஈரம் சில்லென்று ஒட்டியது. அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. காலையில் இருந்து அது அவன் காதிலேயே இருந்திருக்கிறது. காஜா கப்ளரைக் கழற்றும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்தது ஒரே ஓர் ஆள்.

ஜெனி டம்ளரை வாயருகே கொண்டுபோகவில்லை. மேஜையில் வைத்தாள். பக்கத்தில் செல்போனை வைத்தாள், திரையில் அந்த வெளிர் சிவப்பு வளையம். சத்தம் உயர்த்தாமல், குற்றம் சாட்டுகிற குரலும் இல்லாமல், செவ்வாய்க்கிழமை விடியுமுன் யாரோ ஃபிளாஸ்க்கோடு கார் ஷெட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். காஜா ஊற்றிய மாதிரியே இரண்டு நிமிடம் பொறுமையாக ஊற்றி, லாக் ஒடியாமல் அமுக்கியிருக்கிறார்கள். ஒன்றுதான் தெரியாமல் போய்விட்டது. தினமும் குடிக்கிற தண்ணீருக்கு நிறம் இருக்கிறது என்பது அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு மறந்தே போயிருக்கும்.

வடிவம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. யாசர் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அனுசியா அவளுக்குப் புடிச்ச பையனக் கட்டிக்கிட்டுப் புனலூர்ல இருக்கா" என்று தொடங்கினாள். மகளின் பெயரைச் சொன்னதும் குரல் தேய்ந்தது. "ரெண்டு வாரமா இவுக வாயத் தொறக்கல. திங்கக்கெழம சாயங்காலம் அருவாளச் சாணை புடிச்சுக் கொண்டாந்து சீட்டுக்கு அடியில வச்சாக. நான் பாத்துட்டேன். சாவிய ஒளிச்சேன், இன்னொரு சாவி வச்சிருந்தாக. டயருல காத்தப் புடுங்கலாம்னா பத்து நிமிசத்துல ஸ்டெப்னி மாட்டிருவாக, பட்டாளத்துக்காரர்லா. அந்தப் பய வேல செய்யும்போது சொன்னான், இந்த மூக்குக் கழண்டா வண்டி அசையாதுன்னு. அசையாமக் கிடந்தாப் போதும்னுதான் போனேன்."

"முழுசாக் கழட்டலையே" என்றாள் ஜெனி.

"பாதியிலயே மாடிக் கதவு தொறந்துச்சு. ஃபிளாஸ்க்க முந்தானையில மறைச்சுட்டு வந்துட்டேன். எப்படியும் ஸ்டார்ட் ஆவாதுன்னு நெனச்சேன். ஆயிருச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரல. சொல்லியிருந்தா எம் மகளுக்கு முந்தி நான் வெட்டுப்பட்டிருப்பேன்."

யாசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவமும் கூடவே வந்ததால் கோபம் இன்னும் அதிகமானது. எங்க அக்கா மூணு நாளாச் சோறு திங்கல, தெரியுமா என்று கேட்டான்.

"எனக்கு மட்டும் எறங்குதாக்கும்" என்று சீறினாள் வடிவம்மாள். "அவுக கண்ணு முழிச்சதும், யாருன்னு ஒரு கேள்விதான் கேப்பாக. அதுக்குள்ள பழிய எங்கனயாவது எறக்கி வைக்கணும்னு இருந்தேன். உன் மச்சான் மேல எறக்குனேன்."

பிறகு எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூலையில் இருந்த குடையை எடுத்தாள். கூப்பிடாமலே அவள் கிளம்பியதை யாசர் நம்ப முடியாமல் பார்த்தான். வாசற்படியில் ஒரு நொடி நின்றாள், இருவரையும் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"களவாண்டுட்டுப் போயிருவான்னு அவனுக்கு முன்னால காவல் உக்காந்தேன். கடைசியில அவன் தொழில நான்தான் களவாண்டிருக்கேன்."

ஸ்டேஷனில் அவள் பேசியதை ஜெபஸ்டின் எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். புனலூருக்கு ஃபோன் போட்டு அனுசியா பத்திரமாக இருக்கிறாளா என்று விசாரிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார். ஜெனியிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் அவள் ஆச்சரியப்பட்டிருப்பாள்.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது காஜா வெளியே வந்தான். நடந்ததையெல்லாம் ஜெனி சொல்லக் கேட்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்தம்மா கழட்டும்போது லாக் ஒடியவே இல்லையா?"

"இல்ல."

"நல்லாத்தான் கழட்டியிருக்கா" என்றான். தொழில்காரன் தொழில்காரியைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

யாசர் பைக்கை உருட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றான். அக்கா சோறு வடித்து வைத்துக் காத்திருக்கிறாள், ஏறுங்கள் என்றான். மழை வலுக்கிறது என்றான். ஏழு மணி நேரம் ஓடிய ஓட்டத்தையும் நனைந்த சட்டையையும் வாங்கிய வசவையும் மச்சான் ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று அவன் உள்ளூர எதிர்பார்த்தது உண்மை.

காஜா பார்த்தான். சட்டையில் இருந்த ரோஸ் கறையை அல்ல, யாசரின் கண்ணை.

"டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு லே" என்றான். "ஞாயித்துக்கெழமையே கேட்டுச்சு."

சொல்லிவிட்டு பைக்கைச் சுற்றிக்கொண்டு சாரலுக்குள் இறங்கி, தென்காசிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். ஜெனி யாசரின் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் பைக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். மச்சானின் முதுகு வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.